மூணு தடவை ரெனியூ பண்ணிட்டு நாலாவது தடவை கைவிட்டா கேஸ் நிக்குமா?

ஒரு வருஷ கான்ட்ராக்ட், மூணு தடவை ரெனியூ ஆச்சு, இந்த தடவை கடைசி வாரம் வரைக்கும் மூச்சே விடாம இருந்துட்டு "பீரியட் முடிஞ்சுது, நாளையிலேர்ந்து வர வேண்டாம்"னுட்டாங்க, இது டிஸ்மிஸல் இல்லையான்னு கேட்டிருக்கீங்க. எந்த நாடுன்னு மட்டும் எழுதல, பாதி பதில் அதுலதான் இருக்கு.

தென்னாப்பிரிக்கான்னா கேஸ் போட வழி இருக்கு. 1995 லேபர் ரிலேஷன்ஸ் ஆக்ட் 186வது செக்‌ஷன்படி, ரெனியூ ஆகும்னு நியாயமா எதிர்பார்க்க இடமிருந்தும் பண்ணாம விட்டாலோ முன்னைவிட மோசமான கண்டிஷன்ல கொடுத்தாலோ அது டிஸ்மிஸல்தான், ஆனா 30 நாளுக்குள்ள சிசிஎம்ஏல (வேலைத் தகராறை சமரசம் பண்ணி தீர்க்கற அந்த ஊர் அமைப்பு) புகார் போட்டுடணும். ஜப்பான்லயும் கிட்டத்தட்ட இதே பாதுகாப்பு இருக்கு, ரெனியூ ஆகி ஆகி 5 வருஷம் தாண்டிட்டா நிரந்தரமாக்குங்கன்னு நீங்களே கேக்கலாம். இந்தியான்னா கஷ்டம். கான்ட்ராக்ட் காலம் முடிஞ்சு ரெனியூ பண்ணலேன்னா அது ஆட்குறைப்பு ஆகாதுன்னு 1984லயே இண்டஸ்ட்ரியல் டிஸ்பியூட்ஸ் ஆக்ட்ல சேர்த்துட்டாங்க, 2020 இண்டஸ்ட்ரியல் ரிலேஷன்ஸ் கோட்லயும் அதே கதைதான். நிரந்தர வேலைக்கு ஆள வச்சுக்கிட்டு, சலுகை கொடுக்காம இருக்கவே வருஷக்கணக்கா டெம்பரரியா ஓட்டினாங்கன்னு நிரூபிச்சா மட்டும் முறையற்ற தொழிலாளர் நடைமுறைன்னு சண்டை போடலாம்.

எங்க இருந்தாலும் "நான் நம்பினேன்"னு சொன்னா போதாது, நம்புற மாதிரி அவங்க என்ன பண்ணாங்கங்கறதுதான் கேள்வி. மூணு ரெனியூவல் ஒரு புள்ளி, அவ்ளோதான். அதைவிட உங்க மேனேஜர் போன மாசம் அனுப்பின மெயில் இருக்கே, அடுத்த வருஷ ஷிஃப்ட் லிஸ்ட்ல உங்க பேரையும் போட்டு "லீவ் பிளான் அனுப்புங்க"ன்னு, என்னைக் கேட்டா அதுதான் தங்கம். நீங்க பார்த்த அதே சீட்டுக்கு இப்ப புது ஆள் வந்தாச்சுன்னா இன்னும் பலம், ப்ராஜெக்டே முடிஞ்சு போச்சுன்னா கேஸ் சவசவன்னு ஆயிடும்.

"ரெனியூவல் எதிர்பார்க்கக் கூடாது"ன்னு ஒரு வரியில கையெழுத்து போட்டேனேன்னு பயப்படறீங்க. எல்லா கம்பெனியும் கண்ண மூடிட்டு சேர்க்கற வரி சார் அது, தென்னாப்பிரிக்காவுல அது மட்டுமே கேஸ முடிச்சுடாது, அவங்க நடந்துக்கிட்ட விதத்தையும் பார்ப்பாங்க. ஆபீஸ் மெயில் ஐடியை எந்த நிமிஷமும் மூடுவாங்க, அதனால உங்களுக்கு வந்த ரெனியூவல் லெட்டர், அந்த மெயில் எல்லாத்துக்கும் இன்னிக்கே காபி எடுத்துட்டு, கணக்கு முடிக்கற ஃபுல் அண்ட் ஃபைனல் பேப்பர்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒரு லேபர் வக்கீல்கிட்ட காட்டுங்க.