வழக்கறிஞர்களின் தொழில் ஒழுங்கீனம் என்றால் என்ன?

கட்சிக்காரரிடமோ நீதிமன்றத்திடமோ ஒரு வழக்கறிஞர் நேர்மை தவறி நடப்பதுதான் தொழில் ஒழுங்கீனம். கட்சிக்காரரின் பணத்தைக் கையாடுவது, எதிர்த்தரப்போடு ரகசியமாகக் கைகோப்பது, பொய் ஆவணம் தாக்கல் செய்வது எல்லாம் இதில் வரும். ஜெயித்தால் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேசுவதையும் வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் விதிகள் தடை செய்கின்றன.

இவ்வளவு கண்டிப்பு ஏன்? ஊருக்குப் போகும்போது வீட்டுச் சாவியை ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போகிறோம். சாவி அவர் கையில் இருக்கிறது, வீடு அவருடையது ஆகிவிடாது. வழக்குக் கட்டும், அதாவது வழக்கறிஞரிடம் நாம் ஒப்படைக்கும் வழக்கு ஆவணங்களும், அப்படித்தான். கட்டணம் பாக்கி என்பதற்காக அதைத் திருப்பித் தராமல் வைத்திருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் ஆர்.டி. சக்சேனா வழக்கில் சொன்னது. பாக்கிக்குத் தனியாக வழக்குப் போடலாம். ஏழைக் கட்சிக்காரர்களுக்கு இந்தத் தீர்ப்பு பெரிய பாதுகாப்பு என்பேன். கட்டு கையில் இல்லாமல் வேறு வழக்கறிஞரிடம் எப்படிப் போவது?

சரி, புகாரை எங்கே கொடுப்பது? மாநில பார் கவுன்சிலில். வழக்கறிஞர்கள் சட்டம், 1961, பிரிவு 35-இன்படி ஒழுங்கு நடவடிக்கைக் குழு விசாரித்துக் கண்டிக்கலாம், சில காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம். அந்த உத்தரவை எதிர்த்து 60 நாட்களுக்குள் இந்திய பார் கவுன்சிலில் மேல்முறையீடு செய்யலாம். அப்புறம் உச்ச நீதிமன்றம்.

வழக்கு தோற்றுவிட்டது என்பதற்காகவே வழக்கறிஞர் மீது புகார் கொடுக்கலாம் எனப் பலர் நினைக்கிறார்கள்; நேர்மையாக வாதாடித் தோற்பது ஒழுங்கீனம் ஆகாது.