சின்ன டிராக்டர் வாங்குமுன் தோப்பை அளந்து பாருங்கள்
வாசகர் கேள்வி – பதில்

இம்முறை கேரள, ஆந்திர எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சின்ன டிராக்டரைப் பற்றியவை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கொழிஞ்சாம்பாறை பக்கம் நாலு ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. மரத்துக்கு மரம் 25 அடி. ஒரு பகுதியில் ஊடுபயிராக வாழை. கரிசல் கலந்த மண். ஒரு ஷோரூமில் 20 எச்.பி. போதும் என்கிறார்கள், இன்னொன்றில் 28 எச்.பி.க்குக் குறைந்து வாங்கினால் வீண் என்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டு பேரும் இன்ஜினைப் பற்றிப் பேசுகிறார்கள். நீங்கள் பின்னால் மாட்டப்போகும் கருவியிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்.

தென்னையின் உயிர்ப்பான வேர்கள் பெரும்பாலும் தூரிலிருந்து 6 அடி தூரத்துக்குள்தான் இருக்கின்றன. அந்த வட்டத்துக்குள் ரோட்டவேட்டர் (மண்ணைக் கிளறும் சுழல் கலப்பை) போகவே கூடாது. இரண்டு பக்கமும் 6 அடி விட்டால், 25 அடி இடைவெளியில் ஓட்டுவதற்கு மிஞ்சுவது 13 அடி. 4 அடி ரோட்டவேட்டரில் மூன்று நடை போனால் 12 அடி முடிந்துவிடும். 3 அடியில் அதற்கே நான்கு நடை வேண்டும். இரண்டிலும் ஓரடி ஓரம் நிற்கும். வாழை உள்ள இடத்தில் கதையே வேறு. அங்கே வரிசை இடைவெளி 6 அடி என்றால், இலை, பக்கக் கன்று எல்லாம் போக வண்டிக்குக் கிடைப்பது நாலடி. அங்கே நுழையும் வண்டிதான் உங்கள் வண்டி. ஆகவே டேப்பை எடுத்து மிகக் குறுகலான வரிசையையும், கேட்டையும், வண்டி திரும்ப வேண்டிய வரப்பு ஓரத்தையும் அளந்து எழுதிக்கொண்ட பிறகு ஷோரூமுக்குப் போங்கள்.

அடுத்தது திறன். விளம்பரத்தில் இருப்பது இன்ஜின் எச்.பி. ரோட்டவேட்டரைச் சுற்றுவது பி.டி.ஓ. எச்.பி., அதாவது வண்டியின் பின்னால் கருவியைச் சுழற்றும் முனையில் கிடைக்கும் திறன். அது ஏறக்குறைய 80 முதல் 90 சதவீதம்தான் வரும். 20 எச்.பி. வண்டியில் 16, 17 கிடைக்கும். சில வண்டிகளில் அதற்கும் குறைவு. பதமான செம்மண்ணில் ரோட்டவேட்டரின் ஓரடி அகலத்துக்கு 4 பி.டி.ஓ. எச்.பி. என்று வைத்தால் ஓடிவிடும். காய்ந்த கரிசலில் 5, 6 கேட்கும். ஆக, உங்கள் மண்ணில் 4 அடி ரோட்டவேட்டருக்கு 24 முதல் 28 எச்.பி. வண்டி சரி. 20 எச்.பி. வண்டி வாங்கினால் ரோட்டவேட்டரை மூன்று, மூன்றரை அடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாழைதான் முக்கியம் என்றால் இரண்டாவது வழியே நல்லது.

இன்னொன்று: ரோட்டவேட்டரின் அகலம் பின்சக்கரங்களின் வெளி அகலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். குறைந்தால் உழுத மண்ணின் ஓரத்தில் டயர் தடம் அமுங்கியே கிடக்கும். பின்சக்கரங்களின் இடைவெளியைக் குறைத்துப் பூட்டும் வசதி உள்ள வண்டிகளில் இதை முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளலாம்.

தோப்பில் அடித்தண்டு அழுகல் கண்ட மரம் ஒன்றாவது இருந்தால், அந்தப் பகுதியை உழாதீர்கள். வேரில் விழும் காயம் வழியாகத்தான் அந்தப் பூஞ்சணம் உள்ளே போகிறது. பிளேடில் ஒட்டிய மண்ணோடு அடுத்த பாத்திக்கும் பரவும். அங்கே களையை வெட்டிப் போடுவதே போதும்.

ஒற்றை சிலிண்டர் வண்டி மலிவாகக் கிடைக்கிறது. மூன்று சிலிண்டருக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் பயன் உண்டா? — உத்துக்கோட்டை வாசகர்

மகிந்திரா யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 போன்ற 15 எச்.பி. வண்டிகள் ஒற்றை சிலிண்டர். மகிந்திரா ஜீவோ 245 இரண்டு சிலிண்டர். குபோட்டா நியோஸ்டார், வி.எஸ்.டி. சக்தி 180 டி ஆகியவை மூன்று. ஒற்றை சிலிண்டரை ஊர் மெக்கானிக்கே பிரித்து மாட்டிவிடுவார். மருந்தடிக்க, சின்ன டிரெய்லர் இழுக்க, ஐந்து கொத்துக் கலப்பை போட அது தாராளம். அதிர்வு அதிகம் என்பதால் சக்கர நட்டு, சைலன்சர் போல்ட், ரேடியேட்டர் பிடிப்பு ஆகியவற்றை அடிக்கடி முடுக்கிப் பார்க்க வேண்டும். ஒரு நாளில் நாலைந்து மணி நேரம் தொடர்ந்து ரோட்டவேட்டர் ஓட்டுபவருக்கு மூன்று சிலிண்டர் வண்டி உடம்பையும் காப்பாற்றும், வேலையையும் சீராக்கும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஓட்டுபவருக்கு அந்தக் கூடுதல் பணம் கருவி வாங்க உதவும்.

குடியாத்தத்துக்கு மேற்கே சரிவில் ஆறு ஏக்கர் மா. ஃபோர் வீல் (நான்கு சக்கரமும் இழுக்கும்) வண்டிதான் வேண்டுமா? — வாசகி

சரிவு என்று சொல்லிவிட்டீர்கள், ஆகவே வேண்டும். ஏறும்போது கிடைக்கும் பிடியைவிட இறங்கும்போது கிடைப்பதுதான் பெரிய லாபம்: இன்ஜினின் தடுப்பு நான்கு சக்கரத்துக்கும் போகும், பின்சக்கரம் மட்டும் பூட்டிக்கொண்டு சரளையில் வழுக்காது. சமதளத்து வறண்ட செம்மண்ணில் மட்டும் ஓட்டுபவருக்கு, பின்சக்கர இழுவையும் எடைக்கட்டிகளும் போதும் என்றே சொல்வோம்.

பின்சக்கரம் மட்டும் இழுக்கும் டூ வீல் வண்டி போதுமா என்று சோதிக்க எளிய வழி உண்டு. பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கருவியைத் தூக்கிவைத்து டயர் பத்துச் சுற்றுச் சுற்றும் தூரத்தை அளங்கள். 30 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பிறகு கருவியை இறக்கி உழுதபடியே பத்துச் சுற்று. 27 மீட்டர் வந்தால் வழுக்கல் 10 சதவீதம், நல்லது. 25.5 மீட்டர் என்றால் 15, இதுவரை ஏற்கலாம். 24 மீட்டருக்குக் குறைந்தால் டீசலும் டயரும் வீணாகின்றன. எடை சேர்க்க வேண்டும், அல்லது ஃபோர் வீல் வேண்டும். பின் டயரில் வால்வை மேலே வைத்துக்கொண்டு, வால்வு மட்டம்வரை தண்ணீர் நிரப்புவதும் எடை சேர்க்கும் முறைதான். அப்போது ஏறக்குறைய முக்கால் பங்கு நிரம்பியிருக்கும்.

ஃபோர் வீல் வாங்குபவர்கள் தவறாமல் கவனிக்க வேண்டியது ஒன்று. தார் ரோட்டில் ஏறியதும் முன்சக்கர இழுவையை எடுத்துவிடுங்கள். முன்சக்கரம் பின்சக்கரத்தைவிடச் சற்றே வேகமாகச் சுற்றும்படிதான் அமைத்திருப்பார்கள். மண்ணில் அந்த வித்தியாசம் வழுக்கலில் கரைந்துவிடும். தாரில் கரைய இடமில்லாததால் முன் டயர் தேயும், கியரில் இறுக்கம் ஏறும். டயர் மாற்றும்போதும் முன்னுக்கும் பின்னுக்கும் கம்பெனி சொன்ன அதே அளவுதான். வேறு அளவு போட்டால் இந்தக் கணக்கு கெட்டு முன் அச்சின் பல்சக்கரங்கள் அடிவாங்கும்.

மாந்தோப்புக்கு இரண்டு விஷயம் சேர்த்துக் கேளுங்கள்: மேலே நிற்கும் சைலன்சருக்குப் பதிலாகக் கீழே திரும்பிய சைலன்சர், மடக்கக்கூடிய பாதுகாப்புச் சட்டம். தாழ்ந்த கிளைக்கு அடியில் போகும்போது மட்டும் சட்டத்தை மடக்கி, வெளியே வந்ததும் நிமிர்த்திப் பூட்ட வேண்டும். நிமிர்ந்து இருக்கும்போதுதான் சீட் பெல்ட் போட வேண்டும். மடக்கியிருக்கும்போது போடக் கூடாது. சரிவில் உழுபவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவே கூடாது. பட்ட மரத்தின் தூரைப் பிடுங்கச் சங்கிலி கட்டினால் கீழுள்ள டிராபாரில் (இழுவைச் சட்டத்தில்) மட்டும் கட்டுங்கள். டாப் லிங்க்கிலோ (கருவியை மாட்டும் மேல் கம்பியிலோ) அச்சிலோ கட்டி இழுத்தால் முன்பக்கம் தூக்கி, கிளட்சை மிதிக்குமுன் வண்டி பின்புறமாகக் கவிழ்ந்துவிடும்.

வீடு கோபாலபுரத்தில், தோட்டம் கேரளப் பக்கம். எந்த மாநிலத்தில் பதிவு செய்வது? மானியம் எங்கே கேட்பது?

மானியம் நிலத்தின் ஆவணத்தைப் பின்பற்றியே வரும். தோட்டம் கேரளத்தில் இருந்தால் அங்குள்ள நில வரி ரசீதோடு கேரள வேளாண் துறை வழியாக, வேளாண் இயந்திரமயமாக்கலுக்கான துணை இயக்கத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்நாட்டில் நிலம் உள்ளவர்கள் சிட்டா, அடங்கலுடன் வேளாண்மைப் பொறியியல் துறையை அணுகலாம். உழவன் செயலியிலும் பதியலாம். சிறு, குறு விவசாயிகள், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் ஓர் உச்சவரம்புக்குள் தருவது இத்திட்டத்தின் பொது விதி. ஒப்புதல் ஆணை கையில் வந்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும். முதலில் வாங்கிவிட்டுப் பில்லோடு போனால் மானியம் கிடைக்காது. நீங்கள் விரும்பும் மாடல் அங்கீகரித்த பட்டியலில் இருக்கிறதா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

பதிவைப் பொறுத்தவரை, 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவின்படி ஒரு மாநிலத்தில் பதிந்த வண்டியை 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே புதிய எண் வாங்க வேண்டும். அதற்குப் பழைய மாநிலத்தின் தடையின்மைச் சான்று தேவை. ஆகவே இரவில் வண்டி எந்தக் கொட்டகையில் நிற்கிறதோ அந்த மாநிலத்தில் பதிவதே சிக்கல் இல்லாத வழி. டிரெய்லருக்குத் தனிப்பதிவு. ஓட்டுவதற்குக் காருக்கான எல்.எம்.வி. உரிமம் போதும். விவசாய வண்டியாகப் பதிந்துவிட்டுச் செங்கல், மணல் வாடகைக்கு ஓட்டினால் விபத்தின்போது காப்பீடு கைவிரிக்கும். மட்கார்டில் ஆள் ஏற்றினாலும் அப்படியே.

விலைக் குறிப்பு வாங்கும்போது வரியைப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் விவசாய டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகிவிட்டது. டிராக்டர் டயர், உதிரிபாகங்களுக்கு 18இலிருந்து 5. பம்பர், ஹிட்ச், எடைக்கட்டி, டாப் லிங்க் இவற்றில் எவை விலைக்குள் அடங்கும், எவை தனி என்று எழுதி வாங்குங்கள்.

புதிய ரோட்டவேட்டர் மாட்டி ஒரு பருவம்கூட ஆகவில்லை. பி.டி.ஓ. தண்டின் கிராஸ் (மூட்டிலுள்ள சிலுவை வடிவத் துண்டு) இரண்டு முறை உடைந்தது, சீலில் எண்ணெயும் கசிகிறது. வண்டி மோசமா, ரோட்டவேட்டர் மோசமா? — தேனி மாவட்டம் கூடலூர் திராட்சை விவசாயி

பெரும்பாலும் இரண்டும் இல்லை. தண்டின் நீளம்தான் காரணம். ரோட்டவேட்டரோடு வரும் தண்டு பெரிய டிராக்டருக்கும் பொருந்தும் நீளத்தில் இருக்கும். சின்ன டிராக்டரில் பி.டி.ஓ.வுக்கும் கருவிக்கும் நடுவே இடம் குறைவு. வெட்டாமல் அப்படியே மாட்டினால், கருவியைத் தூக்கும்போது உள்குழாய் வெளிக்குழாயின் அடியில் போய் முட்டும். அந்த அடி நேராக கிராஸிலும் பி.டி.ஓ. பேரிங்கிலும் இறங்குகிறது. சீல் கசிவது அதனால்தான்.

இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு இப்படிச் செய்யுங்கள். தண்டைக் கழற்றி இரண்டு துண்டாகப் பிரியுங்கள். பிறகு இன்ஜினை ஓட்டிக் கருவியை மெல்ல ஏற்றி இறக்கி, வண்டியின் முனைக்கும் கருவியின் முனைக்கும் இடைவெளி மிகக் குறையும் நிலையில் நிறுத்தி அடியில் கட்டை கொடுத்து, மறுபடியும் இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுங்கள். ஒரு துண்டை வண்டியிலும் மற்றதைக் கருவியிலும் மாட்டிப் பக்கத்தில் பக்கமாகப் பிடித்து, ஒன்று மற்றதன் அடியைத் தொட 2 முதல் 3 சென்டிமீட்டர் மிச்சமிருக்கும்படி குறியிடுங்கள். இரண்டு குழாயையும் அவற்றின் பிளாஸ்டிக் உறைகளையும் ஒரே அளவு வெட்டுங்கள். அரத்தால் பிசிறு நீக்கிக் கிரீஸ் தடவிச் சேருங்கள். சேர்க்கும்போது நடுவில் எதிரெதிராக வரும், கிராஸைப் பிடிக்கும் இரண்டு கவைகளும் ஒரே நேரில் இருக்க வேண்டும். ஒன்று திரும்பி இருந்தால் உதறல் வரும், மறுபடியும் கிராஸ் போகும். கடைசியாக இடைவெளி அதிகமாகும் நிலையிலும் பாருங்கள். குழாய்கள் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும்.

பந்தலுக்கு அடியில் வரிசை முடிவில் திரும்பும்போது பி.டி.ஓ.வை நிறுத்தாமலே ரோட்டவேட்டரை உயரத் தூக்குவது இரண்டாவது காரணம். தண்டின் மடிப்பு 25 டிகிரியைத் தாண்டினால் கிராஸ் தாங்காது. தரையை விட்டு ஒரு சாண் எழுந்தால் திரும்பப் போதும். சுமை மீறினால் தானே முறியும் வெட்டுப்படு போல்ட் உடைந்தால் அதே தரப் போல்ட்டையே போடுங்கள். கடினமான போல்ட் போட்டவர்களுக்கு அடுத்து உடைவது கியர்பாக்ஸ்.

பெரிய டிராக்டர் வைத்திருக்கும் பக்கத்துத் தோட்டக்காரரின் கலப்பையை இரவல் வாங்கி மாட்டலாமா? — பள்ளிப்பட்டு வாசகர்

மாட்ட வராது. சின்ன டிராக்டரில் கருவியை மாட்டும் கீழ்க்கைகளின் முள் 22 மில்லிமீட்டர், மேல் முள் 19. பெரிய வண்டிக் கருவிகளில் பொதுவாக 28, 25. புஷ் போட்டு ஒப்பேற்றினாலும் கைகளின் இடைவெளி ஒத்துவராது, எடையையும் தூக்காது. தூக்கினாலும் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் கேட்காது. கருவியோடு நிற்கும்போது வண்டியின் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் இருக்க வேண்டும்.

களியக்காவிளை அருகே 60 சென்ட். வாழை, மரவள்ளி, பத்துத் தென்னை. எந்த மாடல் வாங்கலாம்?

டிராக்டர் வேண்டாம். 7 எச்.பி. பவர் வீடரும் ஒரு புல்வெட்டும் இயந்திரமும் போதும். வருடத்தில் ஓரிரு முறை ஆழ உழவு தேவைப்பட்டால் வாடகைக்கு அழையுங்கள்.

செய்முறை ஓட்டத்துக்கு வண்டி கொண்டுவருகிறார்கள். எதைப் பார்க்க வேண்டும்?

ஷோரூம் வாசலில் ஓட்டிப் பார்ப்பதில் பயனில்லை. உங்கள் தோட்டத்தில், உங்கள் மண்ணில், நீங்கள் வாங்கப்போகும் அளவு ரோட்டவேட்டரோடு ஒரு மணி நேரமாவது ஓட்டச் சொல்லுங்கள். டேங்கை நிரப்பித் தொடங்கி, முடிந்ததும் மறுபடி நிரப்பினால் டீசல் செலவு தெரியும். 20 எச்.பி. வண்டி ரோட்டவேட்டரில் மணிக்கு இரண்டு முதல் மூன்று லிட்டர் கேட்பது இயல்பு. ஒரு பக்க பிரேக்கை மட்டும் மிதித்து வரிசை முனையில் திருப்பிப் பாருங்கள். சாலைக்கு வரும்போது இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பூட்டும் கொக்கி இறுக்கமாக விழுகிறதா என்று பாருங்கள். கருவியைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். கண்ணுக்குத் தெரியும்படி இறங்கினால் ஹைட்ராலிக்கைப் பற்றிக் கேளுங்கள். ரேடியேட்டர் முன் வலையைக் கருவி இல்லாமல் கையால் கழற்ற முடிகிறதா என்பதும் முக்கியம். புல் தூள் அடைத்துச் சூடேறுவது சின்ன டிராக்டர்களில் அடிக்கடி வரும் கோளாறு. காற்றடிக்கும்போது உள்ளிருந்து வெளிப்பக்கமாக அடிக்க வேண்டும்.

இரண்டு மாடல்களுக்கு நடுவே மனம் ஊசலாடினால் மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய வேளாண் இயந்திரப் பயிற்சி, சோதனை நிறுவனத்தின் சோதனை அறிக்கையை இரண்டு டீலரிடமும் கேளுங்கள். பி.டி.ஓ. திறன், தூக்கும் எடை, திரும்பும் ஆரம், டீசல் செலவு எல்லாம் அளந்து எழுதப்பட்டிருக்கும். விளம்பரத் தாளைவிட அது நம்பத் தகுந்தது. பிறகு ஆயில் ஃபில்டர், கிளட்ச் தட்டு, முன் அச்சு சீல் ஆகிய மூன்றும் உங்கள் ஊருக்கு அருகில் எந்தக் கடையில் இருப்பில் இருக்கின்றன என்று நீங்களே போன் செய்து விசாரியுங்கள். முதல் ஆயில் மாற்றம் பெரும்பாலும் 50 மணி நேரத்திலேயே வந்துவிடும். அதற்கு மெக்கானிக் தோட்டத்துக்கு வருவாரா, வண்டியை நீங்கள் ஓட்டிப் போக வேண்டுமா என்பதையும் முன்பணம் கொடுக்குமுன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.