ஈரோட்டில் வீடு: பெங்களூரு ஏடிஆரா, டெல்லி ஏ320-ஆ?

புது பைலட்டான உங்களுக்கு இரண்டு வேலை வந்திருக்கிறது: பெங்களூருவில் ஏடிஆர் என்ற சின்ன புரொப்பல்லர் விமானம், டெல்லியில் ஏர்பஸ் ஏ320 என்ற பெரிய ஜெட். எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பெங்களூரு ஏடிஆரையே எடுங்கள். அப்பா அம்மாவை அடிக்கடி பார்க்கணும் என்கிறீர்கள். அங்கிருந்து ஈரோட்டுக்கு ஒரு ராத்திரி ரயில் போதும். டெல்லி என்றால் கோவை விமானத்தில் ஊழியருக்குக் கிடைக்கும் காலி சீட்டை நம்பியே இருக்கணும்.

180 சீட்டு ஜெட் ஓட்டினால்தான் பைலட் என்று ஊரில் சொல்வதுதான் உங்களைக் குழப்புகிறது என்று நினைக்கிறேன். ஏடிஆர் 72-இல் பயணங்கள் சின்னவை. ஒரே நாளில் நாலு தரையிறக்கம்கூட வரும். புதிதாக வருபவருக்குக் கை பழக அருமையான விமானம்ங்க அது.

சரி, கையெழுத்துக்கு முன் அந்த பேஸில், அதாவது பைலட்டுகள் பணியைத் தொடங்கும் ஊரில், இருக்கும் ஒரு ஃபர்ஸ்ட் ஆபீசரின் (துணை பைலட்டின்) மாத ரோஸ்டரை, அதாவது பணி அட்டவணையை, கேட்டுப் பாருங்கள். ஸ்டேண்ட்பை நாட்களை, அதாவது கூப்பிட்டால் உடனே வேலைக்குப் போக வேண்டிய நாட்களை, எண்ணுங்கள். அன்றைக்கெல்லாம் ஈரோட்டில் இருக்க முடியாது.

அப்புறம், டைப் ரேட்டிங் (ஒரு விமான வகையை ஓட்டுவதற்கான பயிற்சித் தகுதி) பாண்டு, அதாவது அதற்காகக் கம்பெனியில் இருந்தே ஆக வேண்டிய ஒப்பந்தம், எத்தனை வருஷம், அதற்குள் ஏர்பஸ்ஸுக்கு மாறலாமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பேஸையும் கம்பெனி பிறகு மாற்றலாம்.