ட்ரைகாப்டருக்கு எந்த ஃப்ளைட் கன்ட்ரோலர்? வாலைப் பார்த்து வாங்குங்கள்

கேள்வி: அண்ணா, நான் சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன். பலதுறைத் தொழிற்கல்லூரி முடித்துவிட்டு, தேசிய சேவைக்குப் போவதற்கு முன் கிடைத்த மூன்று மாதத்தில் ஒரு ட்ரைகாப்டர், அதாவது மூன்று மோட்டார் ட்ரோன், கட்டிக்கொண்டிருக்கிறேன். 2212 மோட்டார் மூன்று, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பழைய 30 ஆம்பியர் ஈஎஸ்சி மூன்று, வாலில் உள்ள பின் மோட்டாரைச் சாய்க்க ஒரு மைக்ரோ சர்வோ எல்லாம் கையில் இருக்கிறது. இவற்றை நடத்தும் மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலர் போர்டு மட்டும்தான் பாக்கி. மாமா தன்னிடம் கிடக்கும் கேகே2.1.5 போர்டைத் தருகிறேன் என்கிறார். நண்பன் பழைய டிஜேஐ நாஸா ஒன்றை மலிவாக விற்கிறான். எஃப்405 சிப் உள்ள போர்டு போதும் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். ஜிபிஎஸ் வைத்து ஒரே இடத்தில் நிற்க வேண்டும், பிறகு கேமரா மாட்ட வேண்டும். கையில் 100 வெள்ளி இருக்கிறது. எதை எடுக்கலாம்?

பதில்: தம்பி, முதலில் நாஸாவை ஒதுக்கிவிடுவோம். அது நல்ல கருவிதான், ஆனால் அதன் பட்டியலில் நான்கு, ஆறு, எட்டு மோட்டார் வடிவங்கள்தான் உண்டு, ட்ரைகாப்டர் கிடையாது. இலவசமாகக் கிடைத்தாலும் உங்களுக்கு உதவாது.

மற்றதைப் பேசும் முன் உங்கள் வாலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். நான்கு மோட்டார் உள்ள குவாட்டில் இரண்டு மோட்டார் வலமாகச் சுற்றும், இரண்டு இடமாகச் சுற்றும். ஒரு ஜோடி உடலைத் திருப்பப் பார்த்தால் இன்னொரு ஜோடி தடுத்துவிடும். மூக்கைத் திருப்ப வேண்டுமென்றால் ஒரு ஜோடியைக் கொஞ்சம் வேகமாகச் சுற்றவிட்டால் போதும். மூன்று மோட்டாரில் அந்தக் கணக்கு ஒத்துவராது, ஒன்று எப்போதும் மிஞ்சும். அதனால்தான் வால் மோட்டாரையே சர்வோவில் ஏற்றி இடமும் வலமும் சாய்க்கிறோம். 30 டிகிரி சாய்த்தால் மேல்நோக்கிய உந்துவிசையில் 13 சதவீதம் போய்விடும், வால் தொங்கும். அதையும் கணக்கில் எடுத்து வால் மோட்டாரைக் கூட்டிக் கொடுக்கும் ஃபர்ம்வேர், அதாவது போர்டுக்குள் ஓடும் மென்பொருள், வேண்டும்.

ஆக, உங்கள் போர்டிடம் கேட்க வேண்டிய கேள்வி மூன்று மோட்டாரை ஓட்டுவாயா என்பதல்ல. நாஸாவை விட்டால் அதைப் பெரும்பாலான போர்டுகள் செய்யும். அந்த ஒரு சர்வோவை ஒழுங்காக நடத்துவாயா என்றுதான் கேட்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். நானும் சறுக்கியிருக்கிறேன்.

என் முதல் ட்ரைகாப்டரை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து, ப்ரொப்பெல்லர் மாட்டாமல் சோதித்துக்கொண்டிருந்தேன். மோட்டார்கள் அருமையாகச் சுற்றின. வால் மட்டும் நடுங்கியது, ஏதோ குளிர்காய்ச்சல் வந்த மாதிரி. சர்வோ பழசு என்று நினைத்து விட்டுவிட்டேன். ஐந்து நிமிடத்தில் பிளாஸ்டிக் தீயும் நாற்றம். அம்மா அடுப்பைப் பார்க்க ஓடினார். நான் சர்வோவைத் தொட்டுப் பார்த்தேன், விரல் சுட்டுவிட்டது.

நடந்தது இதுதான். சாதாரண அனலாக் சர்வோ நொடிக்கு 50 முறை சிக்னல் எதிர்பார்க்கும். 1500 மைக்ரோநொடி துடிப்பு வந்தால் நடுவில் நிற்கும், 1000 வந்தால் ஒரு பக்கம், 2000 வந்தால் மறுபக்கம். ஆனால் மோட்டாருக்குச் சிக்னல் அதைவிடப் பலமடங்கு வேகமாகப் போகும். அர்டுபைலட் என்ற ஃபர்ம்வேரில் வழக்கமான அளவு நொடிக்கு 490. போர்டில் உள்ள வெளியீட்டுக் கால்கள் டைமர் என்கிற குழுக்களாகப் பிரிந்திருக்கும், ஒரு டைமரில் உள்ள கால்கள் எல்லாம் ஒரே வேகத்தில்தான் ஓடும். சர்வோவை மோட்டார் இருக்கிற குழுவிலேயே செருகினால் அதற்கும் 490 போய்ச் சேரும். ஒரு அனலாக் சர்வோ அதைத் தாங்காது. 333 வரை தாங்கும் டிஜிட்டல் சர்வோக்கள் உண்டு, வாலுக்கு அவைதான் நல்லதும்கூட. ஆனாலும் தனி டைமர் தனி டைமர்தான்.

எனவே எந்தப் போர்டு வாங்கினாலும் அதன் கால் வரைபடத்தைத் திறந்து, மோட்டார்களோடு டைமர் பகிராத ஒரு கால் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஈஎஸ்சியும் கன்ட்ரோலரும் ஒரே தகட்டில் ஒட்டி வரும் போர்டு உங்களுக்கு வேண்டவே வேண்டாம். அதில் நான்காவது வெளியீடு நேராக நான்காவது ஈஎஸ்சிக்குள் போய்விடும். பீட்டாஃப்ளைட் என்ற ஃபர்ம்வேரை ஓட்டும் ஆட்கள் எல்இடி பட்டைக்கு விட்டிருக்கும் காலைச் சர்வோவுக்கு மாற்றிக்கொள்வார்கள், பெரும்பாலும் அதற்குத் தனி டைமர் இருக்கும் என்பதால்.

அடுத்தது மின்சாரம். வால் சட்டென்று திரும்பும்போது சர்வோ ஒரு கணம் ஆம்பியர் கணக்கில் இழுக்கும். போர்டின் 5 வோல்ட்டிலிருந்தே அதைக் கொடுத்தால் மின்னழுத்தம் சரிந்து, பறக்கும்போதே போர்டு அணைந்து மறுபடி தொடங்கும். பறக்கும்போது அணைந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பழைய ஈஎஸ்சிகளில் உள்ளேயே பெக், அதாவது 5 வோல்ட் கொடுக்கும் சின்னச் சுற்று, இருந்தால் ஒன்றின் சிவப்புக் கம்பியைச் சர்வோவுக்கு மட்டும் கொடுங்கள். மற்ற இரண்டின் சிவப்புக் கம்பியையும் பிளக்கிலிருந்து உருவி டேப் சுற்றிவிடுங்கள். கறுப்புக் கம்பி மட்டும் எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிக்னல் புரியாது.

இந்த விஷயத்தில் மாமாவின் கேகே2 கெட்டிக்காரப் போர்டு என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். அதில் முதல் வெளியீட்டின் மின்சாரம் போர்டுக்கு, இரண்டு முதல் எட்டு வரை உள்ளவற்றின் மின்சாரம் தனித் தடம். சர்வோவின் ஆட்டம் மூளை வரை போகாது. மெனுவில் ட்ரைகாப்டரைத் தேர்ந்தெடுத்தால் எந்தக் காலில் எது என்று திரையிலேயே படம் போட்டுக் காட்டும், கணினியே வேண்டாம். சுழற்சியை அளக்கும் கைரோவும் மோட்டாரும் விலை அதிகமாக இருந்த காலத்தில் ஒரு மோட்டார் மிச்சம் என்பதற்காகவே பலர் ட்ரைகாப்டர் கட்டினார்கள். நின்டெண்டோ வீ விளையாட்டுக் கருவியைப் பிரித்துக் கைரோ எடுத்தவர்களும் உண்டு. கேகே அந்தக் காலத்துப் பிள்ளை. ஆனால் ஜிபிஎஸ் இல்லை, உயரம் பிடித்து நிற்பதும் இல்லை. நீங்கள் கேட்டதை அது தராது. வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், முதல் இரண்டு வாரம் உடலும் வாலும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அதுவே போதும்.

ஜிபிஎஸ் வைத்து நிற்க வேண்டும் என்கிறீர்களே, அதற்கு என் பரிந்துரை அர்டுபைலட். பீட்டாஃப்ளைட்டிலும் ட்ரை உண்டு, ஆனால் அது வேகமாகப் பறந்து குட்டிக்கரணம் போடுபவர்களுக்கானது. இப்போதைய பதிப்பில் ஃபர்ம்வேரைத் தயாரிக்கும்போதே சர்வோ வசதி சேர்ந்திருக்கிறதா என்று வேறு பார்த்துக்கொள்ள வேண்டும். ஐநாவ் என்ற ஃபர்ம்வேர் இரண்டுக்கும் நடுவில். அதுவும் ஓடும், எனக்கு அவ்வளவு பழக்கமில்லை.

அர்டுபைலட் ஏற்கும் எஃப்405 போர்டு ஒன்றும், காம்பஸ் சேர்ந்த ஜிபிஎஸ் ஒன்றும் உங்கள் 100 வெள்ளியை ஒட்டி அடங்கிவிடும். உயரத்தை அறிய உதவும் பாரோமீட்டர் போர்டிலேயே இருக்கட்டும். எச்743 சிப் உள்ளது எடுத்தால் கொஞ்சம் தாண்டும், ஆனால் நினைவகம் இரு மடங்கு. எஃப்405இல் 1 எம்பிதான் என்பதால் அர்டுபைலட்டின் சில வசதிகளை வெட்டித்தான் கொடுக்கிறார்கள். காசு கொஞ்சம் சேர்ந்தால் நான் எச்743 பக்கம்தான் சாய்வேன். இன்னொரு வழி, விமானங்களுக்கென்று வரும் போர்டுகள். சர்வோவுக்குத் தனி பெக் அதிலேயே இருக்கும். வாலைப் பற்றிய பாதிக் கவலை அங்கேயே தீர்ந்தது. பெட்டி பெரிதாக இருக்கும், பரவாயில்லை, ட்ரைகாப்டரில் இடத்துக்கா பஞ்சம்?

அர்டுபைலட் அமைப்பில் ஃபிரேம் கிளாஸ் 7 என்று கொடுங்கள். மோட்டார்கள் 1, 2, 4ஆம் எண்களில் வரும்: முன் வலது, முன் இடது, வால். சர்வோ 7ஆம் மோட்டார் என்ற பெயரில் வரும். 7ஆம் காலைப் பயன்படுத்த முடியாவிட்டால், நீங்கள் கண்டுபிடித்த அந்தத் தனி டைமர் காலின் சர்வோ ஃபங்ஷனில் 39 என்று போட்டால் அங்கே வந்துவிடும்.

இன்னொன்று, மற்ற கருவிகளை இணைக்கும் சீரியல் போர்ட் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ரிசீவருக்கு ஒன்று, ஜிபிஎஸ்ஸுக்கு ஒன்று, அப்புறம் பறக்கும்போது வண்டியின் அடையாளத்தையும் இடத்தையும் ஒலிபரப்பும் ரிமோட் ஐடிக்கு ஒன்று. உங்கள் வண்டி எப்படியும் 250 கிராமைத் தாண்டும், ஆகவே சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிவு செய்தாக வேண்டும். 2025 டிசம்பர் 1 முதல் அந்த எடைக்கு மேல் வெளியில் பறப்பவற்றுக்கு ரிமோட் ஐடி ஒலிபரப்பும் கட்டாயம். தனி ஜிபிஎஸ்ஸோடு வரும் கருவி என்றால் போர்ட் தேவையில்லை. போர்டிலிருந்து தகவல் வாங்குவது என்றால் தேவை. ஆணையம் ஏற்கும் கருவிதானா என்று பார்த்து வாங்குங்கள். 1.5 கிலோவைத் தாண்டினால் பயிற்சி வகுப்பும் சேர்ந்துகொள்ளும், எனவே கேமராவை அளவோடு வையுங்கள்.

ஈசூனில் உங்கள் புளோக்குக்குக் கீழே பறக்கவிடலாம் என்ற எண்ணம் இருந்தால் மறந்துவிடுங்கள். செம்பவாங் விமானத் தளத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கிறீர்கள், அனுமதி இல்லாமல் முடியாது. ஒன்மேப் இணையதளத்தில் வரைபடத்தைப் பார்த்து வட்டங்களுக்கு வெளியே இடம் தேடுங்கள். அங்கேயும் கடல் மட்டத்திலிருந்து 60 மீட்டருக்கு மேல் ஏற்ற அனுமதி வேண்டும்.

வீட்டிலேயே செய்ய வேண்டிய கடைசிச் சோதனை ஒன்று. ப்ரொப்பெல்லர் மூன்றையும் கழற்றிவிட்டு, ட்ரைகாப்டருக்குப் பின்னால் உட்காருங்கள். ஆர்ம் செய்து, அதாவது மோட்டார் சுற்ற அனுமதி கொடுத்து, த்ராட்டிலைக் கொஞ்சம் ஏற்றுங்கள், அதற்கு முன் அர்டுபைலட் சர்வோவை அசைக்காது. சர்வோ செத்துவிட்டது என்று பலர் பயப்படுவது இந்த இடத்தில்தான். இப்போது மூக்கைத் திருப்பும் யா குச்சியை வலது பக்கம் தள்ளுங்கள். வால் மோட்டாரின் தலை இடது பக்கம் சாய வேண்டும். வால் இடப்பக்கம் போனால்தானே மூக்கு வலப்பக்கம் திரும்பும்? வலப்பக்கம் சாய்ந்தால் அந்த வெளியீட்டின் ரிவர்ஸ் அமைப்பை 1 என்று மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். இதைப் பார்க்காமல் மேலே ஏற்றினால், வண்டி திரும்புவதைத் தடுப்பதாக நினைத்துக்கொண்டு போர்டே அதை இன்னும் வேகமாகச் சுழற்றிவிடும்.