ஐந்தேகால் பஸ்ஸுக்கு முன்னால்

கேள்வி: கலந்தாய்வில் மாறுதல் வாங்கி, திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. நான் அறிவியல் எடுக்கும் பட்டதாரி ஆசிரியை. மொத்தம் 28 பேர் இருக்கிறோம். பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு எடுக்கும் பி.ஜி. ஆசிரியர்களுக்குத் தனி அறை, எங்களுக்குத் தனி அறை. சங்கங்களும் வேறு வேறு. வெளியே சேர்ந்து போனால் நெருக்கம் வரும் என்று நினைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏலகிரி போக ஏற்பாடு செய்தேன். ஆளுக்கு 800 ரூபாய். வந்தது ஆறு பேர்தான். என்னை யாருக்கும் பிடிக்கவில்லையோ?

பதில்: ஆறு பேரா! நான் முதன்முதலில் ஏற்பாடு செய்த சுற்றுலாவுக்கு வேன் டிரைவரைச் சேர்த்தே நாலு பேர்தான்.

வராதவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைதான் பல டீச்சர்களுக்கு மாவு அரைக்கிற நாள், துணி துவைக்கிற நாள், மாமியாரை டாக்டரிடம் கூட்டிப்போகிற நாள். அப்புறம் அந்த 800 ரூபாய். நிரந்தரப் பணியில் சேரும் பி.ஜி. ஆசிரியருக்கு அடிப்படை ஊதியமே 36,900. அதே வகுப்புகளை எடுக்கிற, பள்ளி மேலாண்மைக் குழு மூலம் வந்த தற்காலிக ஆசிரியருக்குத் தொகுப்பூதியம் 18,000. சின்ன வகுப்புகளுக்கான இடைநிலை ஆசிரியர் என்றால் 12,000. காசு இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டு, "வீட்டில் விசேஷம்" என்றிருப்பார். இதில் உங்களைப் பிடிக்காமல் போக என்ன இருக்கிறது?

விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போயிருப்பீர்களே. முன்பின் தெரியாத ஊர்க்காரர்கள் இரண்டாம் நாளே டப்பாவைத் திறந்து ஊறுகாயை மாற்றிக்கொள்வார்கள். கிளம்புகிற நாளில் போன் நம்பர் வாங்கிக்கொள்வார்கள். அங்கே யாரும் "வாருங்கள், நெருக்கமாவோம்" என்று அழைக்கவில்லை. சாப்பாட்டு நேரம் ஒன்று இருந்தது, தினமும் அதே பெஞ்சில் உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான்.

உங்களுக்கும் அப்படி ஒரு பெஞ்ச் வேண்டும். டீக்கடை என்று சொல்ல மாட்டேன். சின்ன ஊரில் பெண்கள் அங்கே உட்கார்ந்து பேசினால் மறுநாள் அது வேறு கதையாகிவிடும். பள்ளியிலேயே வேப்பமரத்தடியோ, விளையாட்டுச் சாமான் அறைத் திண்ணையோ போதும். வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் பஸ் வரும்வரை அரை மணி நேரம். ஒருவர் பிளாஸ்கில் டீ, இன்னொருவர் சுண்டல். வசூல் கூடவே கூடாது.

அங்கே பள்ளிப் பேச்சே எடுக்கக்கூடாது என்று சிலர் சட்டம் போடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆசிரியர்கள் நாலு பேர் கூடினால் எமிஸ் என்கிற அரசு இணையதளத்தில் மாணவர் விவரம் ஏற்றுகிற வேலையையும் ஒன்பதாம் வகுப்புப் பையன்களையும் திட்டத்தான் செய்வார்கள், திட்டட்டும். வந்திராத ஆசிரியரைப் பற்றி மட்டும் பேச வேண்டாம். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போடவும் வேண்டாம். அதைப் பார்க்கிற மற்றவர்கள் தங்களை ஒதுக்கிவிட்டதாக நினைப்பார்கள்.

ஹெச்.எம்.மை ஆரம்பத்தில் அழைக்காதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் வந்து உட்கார்ந்ததும் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டு மூன்று மாதம் போகட்டும்.

பி.ஜி. அறைக்கும் ஒரு வழி இருக்கிறது. நீங்கள் அறிவியல் டீச்சர். பிப்பெட், லிட்மஸ் தாள் என்று ஏதாவது கடன் கேட்டு வேதியியல் ஆய்வகத்துக்குப் போங்கள். திருப்பிக் கொடுக்கப் போகிற நாள் வெள்ளிக்கிழமையாக இருக்கட்டும். "வாங்க சார், ஒரு வாய் டீ" என்றால் மறுப்பவர் குறைவு. அவர் ஒருவர் வந்தால் போதும், சங்கம் வேறு என்பதெல்லாம் மரத்தடிக்கு அவ்வளவாக வராது.

28 பேரும் வர மாட்டார்கள். சிலருக்குப் பள்ளி முடிந்ததும் தனியாக இருப்பதுதான் ஓய்வு, அவர்களை விட்டுவிடுங்கள்.

ஏலகிரிக்கு வந்த ஆறு பேரில் உங்கள் பஸ்ஸில் வருகிறவர் யாராவது இருப்பார். முதல் வாரம் அவரும் நீங்களும் மட்டும் உட்கார்ந்தாலும் சரி. முதல் சுண்டல் உங்களுடையதாக இருக்கட்டும். காலையிலேயே தாளித்துக் கொண்டுவருவதானால் தேங்காய் போடாதீர்கள், சாயங்காலத்துக்குள் ஊசிப்போகும்.