டிஸ்க் நிறைந்தால் என்ன செய்வீர்கள்? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இரண்டு வருடமாக டெஸ்க்டாப் சப்போர்ட்டில் இருக்கிறேன். அடுத்த வாரம் லினக்ஸ் சிஸ்டம் அட்மின் வேலைக்கு இன்டர்வியூ. இருநூறு கேள்வி பதில்களை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். இது போதுமா?

பதில்: அந்தத் தாள்களை மூடி வையுங்கள். இன்டர்வியூ எடுக்கும் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறேன், ஒப்பித்த பதில் அடுத்த கேள்வியிலேயே மாட்டிக்கொள்ளும்.

எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று: சர்வரில் டிஸ்க் நிறைந்துவிட்டது, என்ன செய்வீர்கள்? டிஎஃப் (df, டிஸ்க்கில் எவ்வளவு இடம் நிறைந்திருக்கிறது என்று காட்டும் கட்டளை) அடிப்பேன், டியூ (du, ஃபைல்கள் பிடிக்கும் இடத்தைக் கூட்டிக் காட்டும் கட்டளை) போட்டுப் பெரிய ஃபைலைத் தேடி அழிப்பேன் என்பார்கள். சரி, பத்து ஜிபி லாக் ஃபைலை அழித்துவிட்டீர்கள், டிஎஃப் இன்னும் 100 சதவீதம் என்றே காட்டுகிறது, ஏன்? இங்கேதான் பலர் மௌனமாகிவிடுகிறார்கள். லினக்ஸில் ஃபைலை அழிப்பது என்றால் டைரக்டரியிலிருந்து அதன் பெயரை எடுப்பது மட்டும்தான், ஏதாவது ஒரு ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) அதைத் திறந்து வைத்திருக்கும்வரை இடம் திரும்பக் கிடைக்காது. டியூ கண்ணில் படும் ஃபைல்களை மட்டும் கூட்டும், டிஎஃப் ஃபைல்சிஸ்டத்தையே கேட்கும், அதனால் இரண்டு கணக்கும் ஒத்துப்போகாது. திறந்திருக்கும் ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ்ஓஎஃப் (lsof) போட்டுப் பார்த்தால் அழிக்கப்பட்ட ஃபைலை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது யார் என்று தெரிந்துவிடும், அந்த சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் இடம் வந்துவிடும். லாகை அழிக்காமல் ட்ரங்கேட் செய்திருந்தால், அதாவது ஃபைலை வைத்துக்கொண்டு உள்ளடக்கத்தை மட்டும் காலி செய்திருந்தால், இந்த வம்பே இல்லை.

இதையே இன்னும் தோண்டலாம். இடம் இருக்கிறது, ஆனாலும் புது ஃபைல் உருவாக்க முடியவில்லை என்றால் ஐநோட் (ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபைல்சிஸ்டம் வைக்கும் பதிவு) தீர்ந்திருக்கலாம், லட்சக்கணக்கான குட்டி ஃபைல்கள் சேர்ந்த சர்வரில் இது சகஜம். ரூட்டால் (முழு அதிகாரமுள்ள அட்மின் கணக்கு) எழுத முடிகிறது, மற்றவர்களால் முடியவில்லையா? ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் ஃபைல்சிஸ்டம் வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென்று ஒதுக்கி வைக்கும். அப்புறம் ஒரு விஷயம், எடுத்த எடுப்பில் 'அழிப்பேன்' என்பவரைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். யாருடைய ஃபைல், பேக்கப் இருக்கிறதா என்று முதலில் கேட்பவரிடம்தான் சர்வரை நம்பிக் கொடுப்பேன்.

இருக்கிற ஒரு வாரத்தில் ஒரு விர்ச்சுவல் மெஷின் போட்டு அதைக் கெடுங்கள். பூட் ஆகும்போது எந்தெந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) ஃபைலில், மெஷினில் இல்லவே இல்லாத டிஸ்க் ஒன்றை எழுதிவிட்டு ரீபூட் செய்தால் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும், அதிலிருந்து நீங்களே மீட்டெடுங்கள். மறந்துபோன ரூட் பாஸ்வேர்டை மாற்றிப் பாருங்கள். இதையெல்லாம் கையால் செய்தவர் பேசும்போதே தெரியும்.

கேள்வி: 'லோட் ஆவரேஜ் 20, ஆனால் சிபியு சும்மா இருக்கிறது, எப்படி?' என்று கேட்டார்கள். அப்படி நடக்காது என்று சொல்லிவிட்டேன். தப்பா?

பதில்: தப்புதான். லோட் ஆவரேஜ் என்பது ஓடிக்கொண்டோ காத்துக்கொண்டோ இருக்கும் ப்ராசஸ்களின் சராசரி எண்ணிக்கை. லினக்ஸில் அந்த எண் சிபியுவில் ஓடுபவற்றையும் அதற்காகக் காத்திருப்பவற்றையும் மட்டும் எண்ணுவதில்லை, 'டி' நிலையில், அதாவது பெரும்பாலும் டிஸ்க்குக்காகவோ என்எஃப்எஸ்ஸுக்காகவோ (நெட்வொர்க் வழியாக இன்னொரு சர்வரின் ஃபைல்களைப் பயன்படுத்தும் முறை) எழுப்ப முடியாத தூக்கத்தில் கிடக்கும் ப்ராசஸ்களையும் சேர்த்தே எண்ணுகிறது. என்எஃப்எஸ் சர்வர் பதில் சொல்லாமல் போனால் லோட் எகிறும், சிபியு ஈ ஓட்டும். வலுக்கட்டாயமாக நிறுத்தும் கில் 9 போட்டாலும் அந்த ப்ராசஸ் சட்டென்று சாகாமல் இருக்கலாம். ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் போட்டு யாரெல்லாம் 'டி'யில் இருக்கிறார்கள் என்று பார்ப்பேன் என்றிருந்தால் போதும்.

கேள்வி: தெரியாது என்று சொல்லலாமா?

பதில்: தாராளமாக. கூடவே எங்கே தேடுவீர்கள் என்றும் சொல்லுங்கள், மேன் பேஜோ (கட்டளைகளின் கையேடு) ஜர்னல் லாகோ. ஆப்ஷன் எழுத்து ஞாபகமில்லை என்பதற்காக யாரையும் நான் கழித்துக்கட்டியதில்லை.

கேள்வி: ஃபைல் அனுமதிகளை மாற்றும் சிஎச்மாட் (chmod) கட்டளையிலிருந்தே எக்ஸிக்யூட் (இயக்கும்) அனுமதியை எடுத்துவிட்டால் எப்படித் திரும்பக் கொடுப்பது? இதெல்லாம் ஒரு கேள்வியா?

பதில்: வித்தை காட்டும் கேள்விதான், நான் கேட்க மாட்டேன். ஆனால் மாட்டிக்கொண்டால் பைத்தானின் ஓஎஸ் மாட்யூலிலேயே சிஎச்மாட் இருக்கிறது. பைத்தானும் இல்லை என்று மடக்கினால், எல்எஸ் கட்டளையை வேறு பெயரில் காப்பி செய்து, அதற்குள் சிஎச்மாட்டின் உள்ளடக்கத்தை கேட் கட்டளையால் கொட்டுங்கள். அனுமதி எல்எஸ்ஸுடையது, வேலை சிஎச்மாட்டுடையது.