கேள்வி–பதில்: மாடு விரட்டச் சொன்ன எம்.பி.

கேள்வி: ஒப்பந்தக் கூலிக் காலம் முடிந்தபின் குத்தகை நிலத்தில் காய்கறி பயிரிட்டவர் என் கொள்ளுத்தாத்தா. நிலமற்றவர்களுக்காகப் பண்ணை மாடுகளை விரட்டச் சொன்ன அயர்லாந்து எம்.பி. ஒருவர் இருந்தாராமே, அவர் யார்? அதனால் பயன் விளைந்ததா?
– வாசகர், டோங்காட், நட்டால், தென்னாப்பிரிக்கா

பதில்: அவர் லாரன்ஸ் கின்னல். 1852-இல் வெஸ்ட்மீத் மாவட்டத்தில் பிறந்தவர், வழக்கறிஞர், 1906-இல் வடக்கு வெஸ்ட்மீத் தொகுதியிலிருந்து லண்டன் நாடாளுமன்றத்துக்குச் சென்றார். குத்தகைதாரர்கள் தாம் உழுத நிலத்தை விலைக்கு வாங்க 1903-ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்திருந்தது. குத்தகைக்குக்கூட ஒரு காணி இல்லாதவனுக்கு அதனால் ஆனது ஒன்றுமில்லை. வளமான மண்ணில் பெரும்பகுதி மேய்ச்சல் தரையாகவே கிடந்தது. நிலக்கிழார்கள் அதைக் கால்நடை வளர்ப்போருக்குப் பதினொரு மாதக் கெடுவில் விட்டார்கள். ஓராண்டை எட்டாததால் குத்தகை உரிமை பிறக்காது. தமிழ்நாட்டில் வீட்டு வாடகைக்குப் பதினொரு மாத ஒப்பந்தம் எழுதுகிறார்களே, ஏறக்குறைய அதே சூட்சுமம்தான்.

1906 அக்டோபர் 14 அன்று, டவுன்ஸ் என்ற ஊரில் பேசிய கின்னல், இதற்கு மருந்து ஹேசல் மரக்கம்பு என்றார். இரவில் ஊரார் திரண்டு, மேய்ச்சல் நிலத்தின் கதவைத் திறந்து, கம்பும் கையுமாக மாடுகளைச் சாலையில் ஓட்டிவிடுவார்கள். விடிந்ததும் சொந்தக்காரர் தம் மந்தையை ஊர் ஊராகத் தேடிக்கொண்டு அலைய வேண்டும். இதைத் தூண்டியதற்காக 1907 டிசம்பரில் கின்னலுக்கு ஆறு மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. அதே டிசம்பரில்தான், ஆசியர்கள் பெயரைப் பதிய வேண்டும் என்ற டிரான்ஸ்வால் சட்டத்துக்குப் பணிய மறுத்த காந்தியும், அவருடைய தமிழ்த் தோழர் தம்பி நாயுடுவும் ஜோகன்னஸ்பர்க் நீதிமன்றத்தில் நின்றார்கள். ஆனால் நம்மவர் பகலில், பெயர் சொல்லியே சட்டத்தை மீறினர். அங்கே வேலை இருட்டில் நடந்தது. அந்த வேறுபாட்டைச் சிறிதென்று நான் கருதவில்லை.

அவர் சார்ந்திருந்த ஐரிஷ் நாடாளுமன்றக் கட்சியின் தலைமைக்குக் கின்னல் தீராத தலைவலி. மேய்ச்சல் நிலம் பிடித்திருந்தவர்களில் கட்சிக்காரர்களும் இருந்தார்கள் என்றால் காரணம் விளங்கும். 1909-இல் கட்சிக் கணக்கைக் காட்டச் சொன்னதற்காக வெளியேற்றப்பட்டார். 1910-இல் நடந்த இரு தேர்தல்களிலும் சுயேச்சையாகவே வென்றார். 1917-இல் லண்டன் மன்றத்தை விட்டு அயர்லாந்து விடுதலைக் கட்சியான சின் ஃபெயினில் சேர்ந்த அவர், பின்னர் 1921-இல் அயர்லாந்துக்கும் பிரிட்டனுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையை எதிர்த்தார்.

பயன் என்று கேட்டால், மாடு விரட்டலால் உடனே நிலம் கைக்கு வந்துவிடவில்லை. 1923 ஏப்ரலில் அவர் வாஷிங்டனில் காலமானார். மேய்ச்சல் பண்ணைகளைக் கட்டாயமாக வாங்கிப் பிரித்தளிக்க அதிகாரம் தந்த சட்டம் அதே ஆண்டு ஆகஸ்டில் நிறைவேறியது. நிறைவேற்றியதோ, அவர் ஏற்க மறுத்த உடன்படிக்கையின் வழி அமைந்த அரசு.